மொட்டை மாடியில் ஷெட் போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படிச்சிடுங்க!

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். பிற்பகலில் ஊரையே உலுக்கிய காற்று, பல இடங்களில் சட்டென்று அடங்கிப்போனது. 'அப்பாடா, போயிடுச்சு' என்று கதவைத் திறந்து வெளியே வந்தவர்கள் பலர். ஆனால், கடந்து போனது புயலின் முதல் பாதிதான். நடுவில் வந்த அமைதி, புயலின் கண் பகுதி. கொஞ்ச நேரத்தில் நேர் எதிர்த் திசையிலிருந்து காற்று மறுபடி வீசத் தொடங்கியது.

மொட்டை மாடி ஷெட்டுகளுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. முதல் சுற்றில் ஸ்க்ரூ தளர்ந்துபோன ஷீட்டை, இரண்டாவது சுற்று மறுபக்கத்திலிருந்து பிடித்து இழுக்கும்.

அதன்பிறகு 2020-ல் நிவர், 2022-ல் மாண்டஸ், 2023-ல் மிக்ஜாம், 2024-ல் ஃபெஞ்சல் என்று வடதமிழகக் கடலோரத்துக்குப் புயல் பழகிப்போய்விட்டது. அதே வேகத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் மொட்டை மாடி ஷெட்டுகளும் பெருகிவிட்டன. வெயிலுக்கு மறைப்பு, துணி காயப்போட இடம், மாடியில் ஒழுகலைத் தடுக்க ஒரு குடை, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஒரு கூடம் எனக் காரணங்கள் பல. வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத ஏரியா என்பதால் ஆள் கிடைப்பதும் சுலபம். சரியான ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

250 கிலோ ஷீட், 3,800 கிலோ காற்று!

'நல்ல வெயிட்டான ஷீட் சார், எங்கேயும் போகாது.' ஷெட் போடுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் வசனம் இது. இது எவ்வளவு தூரம் உண்மை? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

600 சதுர அடி ஷெட்டுக்கு அரை மி.மீ கனமுள்ள இரும்பு ஷீட் போட்டால், ஷீட்டின் எடை தோராயமாக 250 கிலோ. மணிக்கு 120 கி.மீ வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 6 கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுக்கும். 600 சதுர அடிக்கும் சேர்த்தால் 3,800 கிலோ வரும். கூரையின் சரிவு, வடிவத்தைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். ஆனால், ஷீட்டின் எடை காற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது புரிந்திருக்கும். ஷீட் மேல் நாலு செங்கல்லும் ஒரு மணல் மூட்டையும் தூக்கி வைப்பது பாதுகாப்பு அல்ல. ஷீட் கிளம்பினால் செங்கல்லும் சேர்ந்து பறக்கும்.

இன்னொரு விஷயம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அழுத்தம் நான்கு மடங்காகும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிகளில் சென்னைக்கு என்று வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம், விநாடிக்கு 50 மீட்டர். அதாவது, மணிக்கு 180 கி.மீ. சாதாரண நாள் காற்றைப் பார்த்து, 'இதுவே போதும்' என்று ஷெட் போட முடியாது.

நான்கு பக்கமும் திறந்த ஷெட்டில் காற்று கீழே புகுந்து ஷீட்டை மேல் நோக்கித் தள்ளும். அதே நேரம், மேலே ஓடும் காற்று ஷீட்டை உறிஞ்சி இழுக்கும். முதலில் பாதிக்கப்படுவது மூலைகளும் ஓரங்களும்தான். ஷெட்டைப் பிடித்து நிறுத்துவது எடை அல்ல, ஸ்க்ரூவும் போல்ட்டும் வெல்டிங்கும்தான். இந்த மூன்றும் மாடி ஏறிப் பார்த்தால்தான் தெரியும். பெயின்ட் அடித்துவிட்டால் அதுவும் தெரியாது.

காலை எங்கே ஊன்றுகிறார்கள்?

கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஷீட் என்ன பிராண்ட் என்பது அல்ல. 'தூணை எங்கே, எப்படி நிறுத்துவீங்க?' என்பதுதான்.

செலவைக் குறைக்க, மாடியின் கைப்பிடிச் சுவரிலேயே பைப்பை நிறுத்திவிடுவது உண்டு. நாலரை அங்குலச் செங்கல் சுவர், சாய்ந்து நிற்பதற்காகக் கட்டப்பட்டது. மேல்நோக்கி இழுக்கும் டன் கணக்கான விசையைத் தாங்குவதற்காக அல்ல. புயலில் ஷெட்டோடு சேர்ந்து சுவரும் பெயர்ந்து தெருவில் விழுந்தால், கீழே யார் நிற்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை.

தூண்கள், கீழே பீம் அல்லது காலம் வருகிற இடத்துக்கு நேர் மேலே நிற்பது நல்லது. அடியில் கனமான பேஸ் பிளேட், அதை கான்க்ரீட்டோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் என்பது முறை. மேலே இருக்கும் தட்டோட்டில் மட்டும் போல்ட் இறங்கினால் அது பிடிக்காது, கான்க்ரீட் வரை போக வேண்டும். துளை போட்ட இடத்தைச் சுற்றி நீர்க்கசிவு தடுப்புப் பூச்சு பூசாமல் விட்டால், ஒழுகலைத் தடுக்கப் போட்ட ஷெட்டே புதிய ஒழுகலுக்கு வழி திறந்துவிடும். தண்ணீர் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடித்தால் செலவு எங்கேயோ போய் நிற்கும்.

பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் கான்ட்ராக்டரின் வாய் வார்த்தை போதாது. ஒரு சிவில் இன்ஜினீயரை ஒருமுறை மாடி ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எடை போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்

'சதுர அடிக்கு இவ்வளவு' என்று ஒற்றை வரியில் சொல்லப்படும் ரேட்டை வைத்து இரண்டு பேரை ஒப்பிடவே முடியாது. ஒருவர் குறைவாகச் சொல்கிறார் என்றால், அவர் எதைக் குறைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். குறைவது பெரும்பாலும் இரும்பின் கனத்தில்தான்.

உதாரணத்துக்கு, 2 அங்குலச் சதுர பைப், 20 அடி நீளம். 2 மி.மீ கனமுள்ளதாக இருந்தால் ஒரு பைப் சுமார் 18 கிலோ இருக்கும். 1.5 மி.மீ என்றால் சுமார் 14 கிலோதான். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தராசுக்குத் தெரிந்துவிடும். பைப் வந்து இறங்கும்போது கடை பில்லையும் எடைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஷீட்டின் கனத்தைக் கேட்கும்போது, பூச்சைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். பெயின்ட் பூச்சையும் சேர்த்துக் கனம் சொல்வது வழக்கமாக இருக்கிறது.

கொட்டேஷன் எழுத்தில் இருக்கட்டும். அதில் இவை கட்டாயம் இடம்பெற வேண்டும்:

* தூண், குறுக்கு பைப் ஒவ்வொன்றின் அளவும் கனமும்
* தூண்களுக்கு இடையேயும் குறுக்கு பைப்புகளுக்கு இடையேயும் எத்தனை அடி
* ஷீட்டின் வகை, கனம், நிறுவனத்தின் பெயர்
* பேஸ் பிளேட்டின் அளவு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆங்கர் போல்ட்
* ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ எத்தனை அடிக்கு ஒன்று, ஓரங்களில் எவ்வளவு நெருக்கமாக
* பிரைமர், பெயின்ட் எத்தனை கோட்
* தண்ணீர் வடியும் வாட்டம், கால்வாய், குழாய்
* பழைய ஷீட்டை இறக்கி அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு

கடைசி வரியை லேசாக நினைக்க வேண்டாம். பழையது ஆஸ்பெஸ்டாஸ் என்றால், அதை உடைப்பதும் அறுப்பதும் நுண்ணிய நாரைக் காற்றில் கிளப்பும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையுமே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஷீட்டை நனைத்து, உடைக்காமல் முழுசாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

15,000 லிட்டர் எங்கே போகும்?

மிக்ஜாம் புயல் வேறு பாடம் சொல்லித் தந்தது. 2023 டிசம்பர் 4 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஆவடியில் பெய்த மழை 28 செ.மீ. 600 சதுர அடி ஷெட் மேல் இந்த மழை பெய்தால், சேரும் தண்ணீர் 15,000 லிட்டருக்கும் மேல். ஒரு பெரிய தண்ணீர் லாரிக்கும் அதிகம்.

கால்வாயே வைக்காமல் ஷெட் போட்டால், இவ்வளவு தண்ணீரும் ஒரே ஓரமாகக் கொட்டும். அது பக்கத்து வீட்டுச் சுவராக இருந்தால், பல வருஷப் பழக்கம் ஒரே மழையில் பகையாகிவிடும். கால்வாயிலிருந்து குழாய் இறக்கி, மழைநீர் சேகரிப்புத் தொட்டியோடு இணைத்துவிடுங்கள். தமிழகத்தில் 2003 முதலே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக்கு இதுவே நல்ல வாய்ப்பு.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்

முதல் நாளே பாதிக்கு மேல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சாமான் வீட்டில் வந்து இறங்கியதும் ஒரு பகுதி, சட்டம் நின்றதும் ஒரு பகுதி, ஷீட் போட்டு முடித்ததும் ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு சிறு தொகையை, ஒரு நல்ல மழை பெய்து ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள். முடிந்தவரை வங்கி அல்லது யுபிஐ மூலம் கொடுங்கள். தேதியோடு ஆதாரம் நிற்கும்.

பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால், 15 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழகத்தில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். அரசின் ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சின்ன கான்ட்ராக்டர்களுக்குப் பதிவு இல்லாமல் இருப்பது தவறல்ல. ஆனால், பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்க முடியாது.

அவர் இரண்டு, மூன்று வருஷத்துக்கு முன் போட்ட ஷெட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். போன மாசம் போட்ட ஷெட் எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு புயலைப் பார்த்த ஷெட்தான் உண்மையைச் சொல்லும். அந்த வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'பிரச்னைன்னு கூப்பிட்டப்போ வந்தாரா?'

வேலை தொடங்கும் முன் அனுமதி பற்றியும் விசாரித்துவிடுங்கள். அம்பத்தூர், பெருநகர சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம். ஆவடி, 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. எதன் எல்லையில் வீடு இருக்கிறதோ, அந்த அலுவலகத்தில் கேட்பதே சரி.

மேலே ஏறுபவரும் ஒரு வீட்டின் கூரைதான்

சட்டத்தின் மேல் ஏறி ஷீட் பூட்டுபவர், பெரும்பாலும் கான்ட்ராக்டர் அல்ல. அவரிடம் தினக்கூலிக்கு வந்த தொழிலாளி. பாதுகாப்பு பெல்ட், ஹெல்மெட் உண்டா என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. தெருவில் மின்கம்பி மாடிக்கு அருகே போனால், 20 அடி பைப்பைத் திருப்பும்போது உரசும் ஆபத்து இருக்கிறது. மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி, அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்த ஏற்பாடு செய்யுங்கள். வேலைக்கு வருபவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்றும் கேளுங்கள். பதிவு செய்யாதவர் என்றால், அதைப் பற்றி எடுத்துச் சொல்வதும் ஓர் உதவிதான்.

புயலுக்கு மறுநாள்

புயல் ஓய்ந்த மறுநாள், 'இன்னிக்கே சரி பண்ணித் தர்றோம்' என்று தெருத்தெருவாக ஆள் வருவதுண்டு. பதற்றத்தில் பணம் கொடுத்துவிட வேண்டாம். முதலில் சேதத்தை எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். தார்ப்பாய் கட்டித் தற்காலிகமாக மூடுங்கள். நிரந்தர வேலையை இரண்டு பேரிடமாவது கொட்டேஷன் வாங்கிய பிறகு முடிவு செய்யலாம்.

வீட்டுக் காப்பீடு இருந்தால், எதையும் கழற்றும் முன் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் க்ருஹ ரக்ஷா' பாலிசி புயல் சேதத்தையும் உள்ளடக்கியது. மாடி ஷெட்டும் அதில் சேருமா என்பதை பாலிசி எடுக்கும்போதே கேட்டுப் பதிய வைத்துவிடுங்கள்.

வேலை மோசமாக இருந்து, கான்ட்ராக்டர் கண்டுகொள்ளவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமலேயே வாதாடலாம். பிரச்னை ஏற்பட்டு இரண்டு வருஷத்துக்குள் மனு செய்ய வேண்டும். அங்கே பேசப்போவது அந்த கொட்டேஷனும் பில்லும் போட்டோவும்தான்.

ஏற்கெனவே ஷெட் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று இல்லாத காலை நேரத்தில் மாடிக்குப் போங்கள். தூணின் அடியில் துரு இருக்கிறதா, கால்வாயில் சருகு அடைத்திருக்கிறதா, ஓர ஷீட்டைக் கையால் தூக்கினால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஷீட் மேல் மட்டும் ஏறாதீர்கள். ஆடினால், அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். அந்த ஷீட் பறந்தால் விழப்போவது நம் மாடியில் அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில்.