செருப்பு நழுவியது காலுக்குத் தெரியவில்லை

தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் காசநோய் மருத்துவமனை வந்தது. 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். கால் மரத்துப்போவது இந்த வட்டாரத்துக்குப் பழைய கதை. காசநோய்க்கான ஐசோனியாசிட் உடம்பின் பி6 வைட்டமினைக் கரைத்துவிடும், பாதம் எரியும், மதமதக்கும். கூடவே சின்னதாக ஒரு பைரிடாக்சின், அதாவது பி6, மாத்திரை கொடுத்தால் தீர்ந்தது.

புற்றுநோய்க்குக் கீமோ போட்டுக்கொண்டவர்களுக்கும் இதே மதமதப்புதான். செருப்பு நழுவியது தெரியாமல் வெறுங்காலோடு நடப்பார்கள். ஜாக்கெட் கொக்கி விரலுக்கு அகப்படாது. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர் ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்தால் விரலெல்லாம் ஊசி குத்தும். "நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்கிப் போடுங்க" என்று பக்கத்து வீட்டில் யோசனை சொல்வார்கள்.

ஆனால் இங்கே கெட்டிருப்பது வேறு. முதுகுத்தண்டின் பக்கத்திலிருந்து கால்விரல் வரை ஓடுவது ஒரே செல்லின் இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதற்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் மேலே தயாராகி, நுண்குழல்கள் என்ற தண்டவாளத்தில் ஏறி நுனிக்கு வரவேண்டும். செல் இரண்டாகப் பிரியவும் இதே நுண்குழல்கள் தேவை. புற்றுச்செல்லை மடக்கச் சில கீமோ மருந்துகள் குறிவைப்பது அவற்றைத்தான். பாக்லிடாக்செல் அவற்றை அசையாமல் இறுக்கிவிடுகிறது. வின்கிரிஸ்டின் கட்டவே விடுவதில்லை. (வின்கிரிஸ்டின் கிடைத்தது, நம் வாசலில் கேட்பாரற்றுப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து!) சரக்கு இருக்கிறது, வண்டிதான் ஓடவில்லை. நீளமான நரம்பின் நுனிக்கே முதல் தட்டுப்பாடு. அதனால்தான் முதலில் கால்விரல்.

சத்து மாத்திரை சும்மா இருந்துவிட்டாலும் பரவாயில்லை. அசிட்டைல் எல் கார்னிடைன் நரம்பைக் காக்கும் என்று நம்பி, அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 409 பெண்களிடம் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வந்தது: மாத்திரை விழுங்கியவர்களுக்கே பாதிப்பு அதிகம். பி6-ஐயும் அளவுக்கு மீறி நெடுநாள் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2020-இல் இந்த நரம்பு வலிக்குப் பரிந்துரைத்த ஒரே மருந்து துலோக்செடின். உடற்பயிற்சி, அக்குபங்சர், மருந்து ஏறும்போது கைகால்களைக் குளிரூட்டுவது ஆகியவற்றுக்குச் சான்று போதாது, கெடுதல் குறைவு என்றது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கினால் விரலுக்கு மருந்து குறைவாகப் போகும் என்பது கணக்கு. பாக்லிடாக்செல்லுக்குச் சரி, குளிரைத் தாங்காத ஆக்சாலிபிளாட்டின் கைக்கு ஆகாது.

சித்த மருத்துவத்தின் தொக்கணம், அதாவது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது, இதமாக இருக்கும். எண்ணெயின் சூட்டை மட்டும் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். மரத்த கால் வெந்தாலும் சொல்லாது. உள்ளுக்குச் சாப்பிடும் சூரணம், லேகியம் எதுவானாலும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் கூடாது என்பேன், பல கீமோ மருந்துகளைக் கையாளும் அதே கல்லீரல்தான் இதையும் கையாள வேண்டும்.

ஆக்சாலிபிளாட்டின் தரும் மதமதப்பு, மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிக்கொண்டே போவதுண்டு. ஆகவே "தாங்கிக்கலாம்" என்று மறைக்காமல், அடுத்த சைக்கிளுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ அப்போதுதான் அவரால் முடியும்.