இருதய நோயும் அயற்சூழலும்

நெஞ்சுவலியென்று வைத்தியரை நாடும் ஒருவரிடம் வயது, உணவு, புகைப்பழக்கம், பெற்றோருக்கிருந்த நோய் என்பன வினவப்படுகின்றன. குருதியமுக்கமும் சீனியின் அளவும் சோதிக்கப்படுகின்றன. அவர் எத்தெருவில் வாழ்கின்றார், அத்தெருவில் நடந்து செல்ல நிழலுண்டா, அண்டைக் கடையிற் கீரை கிடைக்குமா அன்றி மாவும் சீனியுமே கிடைக்குமா என்னும் வினாக்கள் எழுவது அரிது. அவ்வினாக்களையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு கலாநிதிப் பட்டம் பெற்றோர் இன்று உலகிற் பலருளர்.

வாழும் நிலத்துக்கும் வருகின்ற நோய்க்கும் தொடர்புண்டென்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளென வகுத்தார் தொல்காப்பியர். சித்த மருத்துவ நூல்கள் ஒவ்வொரு திணைக்கும் உரிய நோய்களைக் கூறி, மருதநிலமே நோயற்ற வாழ்வுக்கு உகந்ததெனக் கொண்டன. எனினும், கூறுதல் வேறு. அளந்து நிறுவுதல் வேறு.

இருதயத் தசைக்குக் குருதியூட்டுவன முடியுரு நாடிகள். அவற்றின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து, வழி குறுகி, ஒருநாள் அப்படிவு வெடிக்க அங்கே குருதி உறைந்து வழியை அடைத்துவிடுமாயின் அதுவே மாரடைப்பு. இவ்வடைப்பு ஒருநாளில் விளைவதன்று. பல்லாண்டுகளாக மெல்ல வளர்வது. ஆதலால், அப்பல்லாண்டுகளை ஒருவர் எத்தகைய சூழலிற் கழித்தார் என்னும் வினா பொருளற்றதன்று.

இதனைச் சோதிக்க விரும்பிய அறிஞர்க்கு யப்பானியர் வரலாறு வாய்ப்பாக அமைந்தது. 1965ஆம் ஆண்டளவில் தொடங்கிய பேராய்வொன்று, யப்பானிலேயே தங்கிய ஆடவர், ஹவாய்த் தீவிற் குடியேறியோர், கலிபோர்ணியாவிற் குடியேறியோர் என ஓரினத்து மக்களை மூன்று நிலங்களில் வைத்து ஒப்பிட்டது. முடியுரு நாடி நோய் யப்பானிற் குறைவாகவும், ஹவாயில் இடைநிலையாகவும், கலிபோர்ணியாவில் மிகுதியாகவும் காணப்பட்டது. ஓரினத்தாரிடையே கடல் கடந்ததும் நோய் மிகுந்ததெனின், பிறப்பின் மேல் மட்டும் பழிசுமத்துதல் இயலாது.

கொழுப்புணவே காரணமென்று அமைந்துவிடலாமன்றோ? மைக்கேல் மாமொட் என்னும் மருத்துவர் அமைந்துவிடவில்லை. பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் 1975இற் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், தம் ஆய்வில் கலிபோர்ணியாவில் வாழ்ந்த 3,809 யப்பானியரை, தம் மரபு வாழ்வை எவ்வளவு பேணினர் என்பது கொண்டு வகுத்தார். தம்மவரிடையே நெருங்கி வாழ்ந்து மரபைப் பேணியோரிடம் நோய் யப்பானில் உள்ளவளவு குறைவாகவே இருந்தது. அமெரிக்க வாழ்வில் முற்றாகக் கலந்தோரிடம் அது மூன்று முதல் ஐந்து மடங்கு மிகுந்திருந்தது. உணவு, புகை, குருதியமுக்கம் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு மறையவில்லை. சுற்றத்தாரும் அயலாரும் தருகின்ற அரவணைப்பும் இருதயத்தைக் காப்பதொன்று என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

அடுத்து எழுந்தது, தெருவளவில் இதனைக் காணும் முயற்சி. அனா டியஸ் ரூ என்னும் ஆய்வாளரும் குழுவினரும் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் நான்கு இடங்களில் 13,009 பேரைப் பின்தொடர்ந்து, முடிவுகளை 2001இல் வெளியிட்டனர். வசதி மிகக் குறைந்த பகுதிகளில் வாழ்ந்த வெள்ளையர்க்கு, வசதி மிக்க பகுதியாரினும் நோய்வாய்ப்பு 1.7 மடங்காயிருந்தது. அதுவும் ஒவ்வொருவரின் வருவாய், கல்வி, தொழில் ஆகியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னர்.

இங்கே ஒரு தடை எழும். நலிந்தோர் நலிந்த இடத்திலேயே குடியேறுவர். ஆகவே இடம் நோயைத் தந்ததா, நோயுறத்தக்கோர் அவ்விடத்தை அடைந்தனரா? நேர்மையான தடை இது. இதற்குத் திருவுளச்சீட்டே விடையளித்தது. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில், வறிய பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களுட் சிலவற்றைச் சீட்டினால் தெரிந்து, வறுமை குறைந்த பகுதிக்குப் பெயர உதவினர். பத்தாண்டுகளுக்கு மேற்சென்று அளந்தபோது, அவ்வாய்ப்புப் பெற்ற பெண்களிடையே மிகைப்பருமனும் நீரிழிவும் ஓரளவு குறைந்திருந்தன. இவ்விரண்டும் மாரடைப்புக்கு முன்னோடிகள். குறைவு பெரிதன்றெனினும் அது மருந்தாலோ அறிவுரையாலோ வந்ததன்று.

தமிழர் நகரொன்றில் நிகழ்ந்த ஆய்வு இன்னும் நெருங்கிப் பேசுகின்றது. சென்னையில் 1990களின் பிற்பகுதியில் மருத்துவர் வி. மோகனும் துணைவரும் இரு குடியிருப்புகளைத் தெரிந்தனர். ஒன்று திருமங்கலத்தின் ஏசியாட் காலனி; நடுத்தர வருவாயினர் வாழுமிடம். மற்றையது தியாகராய நகரின் பாரதி நகர். வருவாய் குறைந்தோர் வாழுமிடம். இவ்விரு குடியிருப்புகளையும் ஒருங்கே நோக்க, நூற்றுக்கு 11 பேர் முடியுரு நாடி நோயுடையோராயிருந்தனர். நீரிழிவு நடுத்தர வருவாயினரிடம் நூற்றுக்கு 12.4, வறியோரிடம் 6.5. உடலுழைப்பு அன்று வறியோரைக் காத்ததென்று கொள்ளலாம்.

ஆய்வாளர் நோயை எண்ணியதோடு நில்லாது, மக்களிடம் சென்று விளக்கவும் செய்தனர். அதன் பயனாக ஏசியாட் காலனியார் தாமே பொருள் திரட்டி ஒரு பூங்கா அமைத்தனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் முன்பு நூற்றுக்கு 14.2, பின்னர் 58.7 ஆயினர். 'நடவுங்கள்' என்னும் சொல் நடக்க ஓரிடம் உண்டான பின்னரே பொருளுடையதாயிற்று. பத்தாண்டின் முடிவில் அங்கே நீரிழிவு 15.4 ஆக, சிறிதே உயர்ந்தது. பாரதி நகரிலோ 6.5ஆக இருந்தது 15.3 ஆயிற்று. இரு குடியிருப்புகளைக் கொண்டு விதி வகுத்தல் தகாது; பூங்கா ஒன்றே இவ்வேறுபாட்டுக்குக் காரணமென்று துணிதலும் தகாது. ஆயினும், வறுமை தன்னோடு கொண்டிருந்த ஒரேயொரு காப்பையும் வறியோர் பத்தாண்டில் இழந்தனர் என்பது வருந்தத்தக்க செய்தியே.

இனி, மருதநிலமாகிய கிளிவெட்டியை இக்கண்ணால் நோக்குதல் தகும். மூதூர்ப் பகுதியில், நெல்வயல்களிடையே, திருகோணமலை மட்டக்களப்பு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது இவ்வூர். வயலில் இறங்கி உழைப்போனுக்குப் பூங்கா வேண்டுவதில்லை. ஆனால் உழவும் அறுவடையும் இயந்திரத்தின் கைக்குச் சென்ற பின்னர் அவனது உழைப்பின் அளவு முன்போன்றதன்று. 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் அவ்வழியே திருகோணமலை செல்வோர் படகுப் பாதையில் கடக்கவேண்டியிருந்தது. மாரடைப்புற்றோர்க்கு ஒவ்வொரு நாழிகையும் தசையின் இழப்பாதலால், பாலமும் சூழலின் ஓர் உறுப்பே. நோயாளியை நகருக்கு விரைவிற் கொண்டுசெல்லும் அதே சாலைதான் நகரின் பொதியுணவை ஊருக்கும் கொண்டுவருகின்றது.

இவ்வூர் மற்றொரு சூழலையும் கண்டது. 2006ஆம் ஆண்டுப் போரிற் சம்பூர்ப் பகுதியிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் பல, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் தங்கின. கடலும் வயலும் தோட்டமும் உடையோராயிருந்தோர், தற்காலிகக் குடில்களிற் பங்கீட்டுணவை நம்பி வாழ்ந்தனர். உழைக்க நிலமில்லை, தெரிந்துண்ண உணவில்லை, நாளை யாதாகுமென்னும் கவலை நீங்கவில்லை. நீடித்த கவலை குருதியமுக்கத்தை உயர்த்துமென்பது மருத்துவம் அறிந்த உண்மை. இத்தகையோரிடம் 'காய்கறி உண்ணுக, கவலையை விடுக' என்பது எவ்வளவு எளிது! 2015 முதல் அவர்கள் சம்பூர் மீளத் தொடங்கினர். அவர்களது இருதய நலத்தை ஆராயப் புகும் மாணவர், குருதியமுக்கத்தை அளக்குமுன் ஒவ்வொருவரும் 2006 முதல் எங்கெங்கே, எத்தனை மாதம், எத்தகைய கூரையின்கீழ் வாழ்ந்தனரென்பதைக் கேட்டெழுதிக்கொள்ள வேண்டும்.