பழுது நாடும் முறை



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். கணினிப் பொறியியல் கற்றவன் அல்லேன். எனினும், மேசைக் கணினியின் உறுப்புகளில் தோன்றும் பழுதை எவ்வாறு கண்டறிவது என்பது பற்றி இன்று சில சொல்லத் துணிகின்றேன். அதனைக் கற்பதற்கு நான் கொடுத்த விலை சிறிதன்று.

2012-ஆம் ஆண்டில் ஒருநாட் காலை, எங்கள் பள்ளி அலுவலகக் கணினி இயங்க மறுத்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுழலும். 'பீப், பீப்' என்னும் ஒலி விடாமல் கேட்கும். திரையோ இருண்டே கிடக்கும். பொதுத்தேர்வு எழுதும் மாணவரின் பெயர்ப்பட்டியல் அதனுள் இருந்தது. மறுநாள் அதனை அனுப்பியாக வேண்டும். முதல் நாள் மாலை அக்கணினியில் தட்டச்சு செய்து உதவியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். "அவன் தொட்ட பிறகுதான் கெட்டது" என்றார் ஒருவர். நானும் ஆராயாது நம்பினேன். அவனை அழைத்துப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். "நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா" என்று அழுதான். "நாளைக்கு உன் தந்தையை அழைத்து வா" என்று சொல்லி, அவனை வாயிலில் நிறுத்தினேன்.

அவ்வேளையில் இயற்பியல் ஆசிரியர் வந்தார். "யார் கெடுத்தது என்பதைப் பிறகு பார்க்கலாம், ஐயா. எது கெட்டது என்பதை முதலில் பார்ப்போம்" என்றார். அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதலில் அவர் எதையும் தொடவில்லை, அறிகுறிகளைக் கவனித்தார். விசிறி சுழல்கிறது, ஆகவே மின்சாரம் உள்ளே செல்கிறது. விசிறியும் சுழலாமல் விளக்கும் எரியாமல் இருந்தால், சுவரிலுள்ள பிளக்குப் பொருத்துவாயையும், மின்கம்பியையும், மின்வழங்கியின் பின்புறச் சுவிட்சையும் முதலிற் சோதித்திருக்க வேண்டும். மின்வழங்கி என்பது 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் பெட்டி. அதனை மட்டும் நீங்கள் ஒருபோதும் திறத்தல் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதிலுள்ள மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும்.

அடுத்து, ஒலி. கணினி, வேலையைத் தொடங்குமுன் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக் கொள்ளும். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியிலேயே இவ்வழக்கம் இருந்தது. பல கணினிகளில் ஒரேயொரு சிற்றொலி கேட்டால் நலம் என்று பொருள். திரும்பத் திரும்பக் கேட்டால் ஏதோ ஓர் உறுப்பு முறையிடுகிறது என்று பொருள். எந்த ஒலிக்கு எந்த உறுப்பு என்பது தயாரிப்பாளருக்குத் தக்கவாறு மாறும். ஆதலின் மதர்போர்டின் கையேட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் கையேடு, ரேம் எனப்படும் நினைவகத்தைச் சுட்டியது. எனினும் ஆசிரியர் திரையை வேறொரு கணினியில் இணைத்து, அதில் குறையில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார்.

பின்னர்ப் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டார். நம் உடலில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் நுண்சில்லுகளைக் கெடுத்துவிடக்கூடும் அன்றோ? உள்ளே நினைவகப் பலகைகள் இரண்டு இருந்தன. இரண்டையும் கழற்றினார். முதற் பலகையை மட்டும் ஒரு பொருத்துவாயிற் செருகினார், கணினி இயங்கிற்று. மின்சாரத்தை நிறுத்தி அதனை எடுத்துவிட்டு, அதே வாயில் இரண்டாம் பலகையைச் செருகினார். மீண்டும் அதே கூக்குரல். ஆகவே பொருத்துவாய் நன்று. குறை இரண்டாம் பலகையிலேதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதாலேயே இம்முடிவு கிட்டியது. இரண்டை ஒருங்கே மாற்றியிருந்தால், எது காரணம் என்று சொல்லவியலாது.

அப்பலகையின் விளிம்பிலுள்ள இணைப்பு முனைகள் மங்கிக் கிடந்தன. எங்களூர் கடற்கரை ஊர். உப்புக் காற்றின் வேலை அது. ஆசிரியர் ஓர் அழிரப்பர் கேட்டார். வாயிலில் நின்ற மாணவன் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். முனைகளை மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, விரல் படாமல் மீண்டும் செருகினார். ஒரே ஒலி. திரை ஒளிர்ந்தது. பட்டியலும் கிடைத்தது.

விசைப்பலகையில் தட்டச்சு செய்பவன், பெட்டிக்குள் இருக்கும் உலோகத்தில் மாசு படியச் செய்ய முடியுமா? அது பல மாதங்களாகப் படிந்தது. அச்சிறுவனிடம் சென்று, "தவறு என்னுடையது" என்றேன். பலர் முன்னிலையில் கடிந்தவன் ஆதலின், மறுநாட் காலைக் கூட்டத்திலும் அதனைச் சொன்னேன்.

இன்னும் சில அறிகுறிகளையும் நினைவில் வையுங்கள். பத்து நிமிடம் இயங்கியபின் கணினி தானே அணைந்தால், பெரும்பாலும் வெப்பமே காரணம். விசிறியிலும் அதனடியிலுள்ள உலோகத் தகடுகளிலும் தூசி அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் கடிகாரம் பிழைபட்டால், நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கும். வன்தட்டு 'டக், டக்' என்று ஒலித்தால், சோதனைகளை ஒத்திவைத்துக் கோப்புகளைப் படியெடுத்துக் காப்பதே முதற் கடமை.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்னும் பெருங்கணினியின் பழுதைத் தேடியவர்கள், அதன் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டார்கள். அதனைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் அக்குறிப்பேட்டைப் போற்றிக் காத்து வருகிறது. அவ்வளவு பெரிய எந்திரத்தை நிறுத்தியது அத்துணைச் சிறிய உயிர்! தேடியவர்கள் ஊகத்தோடு நின்றிருந்தால் அது கிட்டியிராது.

ஆகவே மாணவர்களே, அறிகுறியைக் கவனியுங்கள்; எளியதிலிருந்து தொடங்குங்கள்; ஒவ்வொன்றாக மாற்றுங்கள்; கண்டதை எழுதி வையுங்கள். எந்திரத்திற்கு நாம் காட்டும் இப்பொறுமையை, மனிதர்மீது குற்றம் சாட்டும் முன்பும் காட்டுவோமாக. நான் அன்று காட்டத் தவறினேன், நீங்கள் தவறாதீர்கள்.