கூண்டை மாடியிலிருந்து இறக்குங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் என் மருத்துவமனை வாசலில் மாலை 5 மணிக்கு மேல் ஆட்டோக்கள் வந்து நிற்கும். சாக்கு விரித்துக் கிடத்திய நாயைத் தூக்கி வருவார்கள். நாக்கு செங்கல் நிறத்தில் தொங்கும். எச்சில் பசைபோல நூலிழுக்கும். நாய்க்கு 101, 102 டிகிரி இயல்பு. தெர்மாமீட்டரோ 107 காட்டும். "காலையில நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பார்த்தா இப்படிக் கிடக்கு."

நான் முதலில் கேட்பது, கூண்டு எங்கே இருக்கிறது என்றுதான். மொட்டை மாடி, தகர ஷீட்டுக்குக் கீழே. அல்லது மேற்குப் பார்த்த கார் ஷெட். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

காலை 5 மணி நிழல்

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் என்று வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஷிஃப்ட் 8 மணி நேரம்தான். போக வர நேரத்தையும் சேர்த்தால் நாய் 10 மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு என்றால் நடுவில் எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. கூண்டை வைத்தவர் அந்த இடத்தைப் பகல் 2 மணிக்குப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்தது விடியற்காலை நிழலை.

காதில் விழும் சமாதானங்கள்

"நாட்டு நாய் டாக்டர், வெயில் தாங்கும்." ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் வெயிலில் பிறந்தவைதான். ஆனால் ஜி.என்.டி. சாலை டீக்கடைப் பக்கம் ஒரு மதியம் நின்று பாருங்கள். தெருநாய் நிற்கும் லாரிக்கடியில் படுக்கும். நிழல் நகர்ந்தால் எழுந்து குழாயடி ஈரத்துக்குப் போகும். மணலைப் பறித்து வயிற்றைக் குளிர்ந்த மண்ணில் வைக்கும். அது பிழைப்பது இனத்தால் மட்டுமல்ல, இடம் மாறுவதால். கூண்டுக்குள் அதற்கு அந்த வழி இல்லை. நாட்டு நாய்க்கே இந்தக் கதி என்றால், சப்பை மூக்கு பக் நாயையும் கம்பளிபோல் முடி கொண்ட ஹஸ்கியையும் தகரத்துக்கடியில் பூட்டுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

"ஃபேன் ஓடுது." நமக்கு வியர்க்கிறது, காற்று பட்டால் குளிர்கிறது. நாய்க்குப் பாதங்களில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். உடம்பு நனையாத நாய்க்குத் தகரத்தடி ஃபேன் அனல் காற்றைத்தான் வீசும். கரண்ட் போனால் அதுவும் இல்லை.

"திருத்தணி அளவுக்கு இங்க வெயில் இல்லையே." கோடைச் செய்திகளில் திருத்தணி பெயர் அடிக்கடி வருவது உண்மை. ஆனால் நாய் மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. பொன்னேரி, பழவேற்காடு பக்கத்துப் புழுக்கத்தில் ஈரம் எளிதில் ஆவியாகாது. அதனால் வெயில் கொஞ்சம் குறைவான நாளிலும் நாய் விழுகிறது.

"வீட்டுக்குள்ள வெச்சா பாப்பாவுக்கு வீசிங் வரும்." ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வரலாம், மறுக்கவில்லை. அப்படியானால் கூண்டு படுக்கையறையில் வேண்டாம், தினமும் துடையுங்கள், குழந்தையின் மருத்துவரைக் கேளுங்கள். அதற்கு விடை மொட்டை மாடி அல்ல.

"வாசல்ல இருந்தாத்தான் காவல்." இரும்பு கேட்டை ஒட்டிய கூண்டில் வருவோர் போவோரைப் பார்த்து நாள் முழுக்கக் குரைக்கும் நாய்க்குக் காவல் காக்கத் தெம்பு இருக்காது. கடிக்கும் கோபம்தான் மிஞ்சும்.

பாராசிட்டமாலைக் கையில் எடுக்காதீர்கள்

உடம்பு கொதிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கரைத்து ஊற்றிவிட்டு வருகிறார்கள். இது ஜுரம் அல்ல. வெளியிலிருந்து ஏறிய சூடு. அந்த மாத்திரை இதைத் தணிக்காது, ஏற்கெனவே தவிக்கும் கல்லீரலைத்தான் பதம் பார்க்கும். ஐபுப்ரோஃபென் இன்னும் மோசம்: குடலில் புண், சிறுநீரகம் பழுது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த கோடையில் அதே அட்டையோடு வருகிறார்கள். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயைப் பிளந்து எலுமிச்சைச் சாறும் மோரும் ஊற்றுகிறார்கள். அது நுரையீரலுக்குப் போகிறது.

செய்ய வேண்டியது இதுதான். நிழலுக்குத் தூக்குங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், ஃபேனுக்கு முன்னால் கிடத்துங்கள். மாடி டேங்க் தண்ணீர் மதியம் கொதிக்கும், சம்பிலிருந்து எடுங்கள். ஈரச் சாக்கால் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். குளிர்விக்காமல் வண்டியில் ஏற்றினால் வழியிலேயே மூளை கெடும். முதலில் தண்ணீர், பிறகு வண்டி. முதலில் பக்கத்து மருத்துவர், பிறகு வேப்பேரி.

என் மருத்துவமனைக்கு வந்தபின் ரத்தத் தட்டணு, சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறையும் நேரம் பார்ப்போம்.

படிக்கட்டுக்கு அடியிலும் வேண்டாம்

வெயிலுக்குப் பயந்து சிலர் மாடிப்படிக்கு அடியில் தள்ளுகிறார்கள். அங்கே இன்வெர்ட்டர் பேட்டரி, மோட்டார், காற்றில்லாத இருட்டு. சுவர் விரிசல்களில்தான் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்மேல் இருப்பதைவிடச் சுவரில்தான் அது அதிக காலம் வாழ்கிறது. இதற்கு டீசல், மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து என்று நாயைக் குளிப்பாட்டி, வலிப்போடு தூக்கி வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விரிசலைப் பூசுங்கள், நாய்க்கான மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கே வைப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயைத் திறந்துவிட்டு, பகல் 2 மணிக்கு அது எங்கே போய்ப் படுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தரைத்தளத்து ஹாலின் கிழக்கு அல்லது வடக்கு மூலையாக இருக்கும். கடல் காற்று வரும் ஜன்னலுக்கு அருகில், மேற்குச் சுவரைத் தொடாமல், கூண்டை அங்கே வையுங்கள். மேல்தளம்தான் உங்கள் வீடு என்றால், சூரியன் சாய்ந்த பிறகும் கான்கிரீட் கூரை சூட்டைக் கக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சமையலறை, சிலிண்டர் பக்கம் வேண்டாம். கம்பித் தரைமேல் பலகை போடுங்கள். தண்ணீரைக் கவிழாத மண் தொட்டியில் வையுங்கள்.

நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடமில்லாத கூண்டு கூண்டே அல்ல. போதிய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், அடைத்தே வைக்கும் நாயை நடக்கவிடாததும் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 4, 5 மணி நேரத்துக்கு மேல் பூட்டாதீர்கள். முடியாதென்றால் ஹாலில் அவிழ்த்துவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, மதியம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கத்திரி வெயில் முடியும்வரையாவது செய்யுங்கள். நாளைக் காலை ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் மாடி ஏறி அந்தக் கூண்டை இறக்கிவிடுங்கள். இருவர் பிடித்தால் 10 நிமிட வேலை.