ஓசனிச்சிட்டுகளைக் குளிர்காலத்தில் நோக்குதல்

ஓசனிச்சிட்டுகளைக் குளிர்காலத்தில் நோக்குதல் என்பது, வட அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களில் இனிப்புநீர்க் கலங்களைத் தொங்கவிட்டு, அவற்றை நாடிவரும் பறவைகளைக் கவனிக்கும் வழக்கம் ஆகும். ஆங்கிலத்தில் ஹம்மிங்பேர்டு எனப்படும் ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. வட அமெரிக்காவில் இனப்பெருக்கம் செய்பவற்றுள் பல இனங்கள் குளிர்காலத்திற்கு முன்பே தெற்கு நோக்கி வலசை போகின்றன. எனினும் அன்னா ஓசனிச்சிட்டு பசிபிக் கரையோரத்தில் ஆண்டு முழுவதும் காணப்படுகின்றது.

பரவல்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினம் கலிபோர்னியாவிலும் அதனை அடுத்த மெக்சிகோப் பகுதியிலுமே இனப்பெருக்கம் செய்து வந்தது. தோட்டங்களில் நடப்பட்ட அயல்நாட்டுப் பூச்செடிகளும் இனிப்புநீர்க் கலங்களும் இது வடக்கே பரவத் துணைபுரிந்தன. கனடாவின் வான்கூவர் நகரம் 2017 இல் இதனைத் தன் நகரப் பறவையாக அறிவித்தது.

குளிரைத் தாங்கும் முறை

இப்பறவையின் எடை ஏறத்தாழ 4 கிராம் மட்டுமே. குளிர் மிகுந்த இரவுகளில் இது தன் உடல் வெப்பநிலையையும் இதயத் துடிப்பையும் பெரிதும் தாழ்த்தி, அசைவற்ற துயில் நிலையை அடைகின்றது. இதனால் ஆற்றல் மிச்சமாகின்றது. விடியலில் விழித்தெழுந்ததும் உடனடியாக உணவு தேவைப்படும். சிறு பூச்சிகளும் சிலந்திகளும்கூட இதன் உணவே.

கலத்தைப் பேணுதல்

ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரையை நான்கு பங்கு நீரில் கரைத்து இனிப்புநீர் செய்யப்படுகின்றது. தேனும் செந்நிறச் சாயமும் சேர்க்கலாகாது. சர்க்கரை கரைந்திருப்பினும் இந்நீர் ஏறத்தாழ -1 பாகை செல்சியசிலேயே உறையத் தொடங்கிவிடும். எனவே, பறவைக்கு உணவு மிகவும் தேவைப்படும் விடியலில் கலம் பயனற்றுப் போகக்கூடும். இதனைத் தவிர்க்க, இரவில் கலத்தை வீட்டினுள் வைத்து, விடியுமுன் வெளியே தொங்கவிடுவர். பகலிலும் நீர் உறையுமாயின் இரு கலங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பூஞ்சை பிடிக்காதவாறு கலத்தை அடிக்கடி கழுவ வேண்டும். கடுங்குளிரின் நடுவே கலத்தைத் திடீரென அகற்றிவிடுதல் நன்றன்று.

இனங்காணல்

ஆண்பறவையின் தலையும் தொண்டையும் ஒளி படும் கோணத்தைப் பொறுத்து இளஞ்சிவப்பாக மின்னும். மற்ற வேளைகளில் கருமையாகத் தோன்றும். பெண்பறவையின் முதுகு பச்சையாகவும் வயிறு சாம்பல் நிறமாகவும் இருக்கும். தொண்டையின் நடுவே சில சிவப்புப் புள்ளிகளைக் காணலாம். ஒரே பறவை அருகிலுள்ள கிளையில் அமர்ந்து, கலத்தை நெருங்கும் பிற பறவைகளைத் துரத்துவதும் உண்டு.

தவறான கருத்து

இலையுதிர்காலத்திற்குப் பின்னும் கலத்தை வைத்திருந்தால் பறவைகள் வலசை போகாமல் நின்றுவிடும் என்று சிலர் கருதுவர். இது சரியன்று. வலசையைத் தூண்டுவது முதன்மையாகப் பகற்பொழுதின் நீளத்தில் ஏற்படும் மாற்றமே ஆகும்.