நிலம் வாங்க ஒரு மனு

1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் பாய்கிறது. அந்த வயல்களில் நாற்று நடும் நம் பெண்கள் பலருக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லை. 2023இல் வந்த நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில், நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்கத் தாட்கோ பாதி விலையை, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாயை, மானியமாகத் தருகிறது. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விற்பவர் இவ்விரு பிரிவையும் சாராதவராக இருக்க வேண்டும். அவரைத் தேட வேண்டியவர் கூலிக்குப் போகும் அந்தப் பெண். அவருக்கு விற்க ஊர் முன்வருமா?

ஆகவே தோழர்களே, இணையத்தில் மனுவைப் பதிவதோடு நாம் நிற்கக் கூடாது. விற்பவரிடம் உடன் சென்று பேசுவோம். பட்டா, வில்லங்கச் சான்றைச் சரிபார்ப்போம். மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேட்போம்.