மீண்டும் சைக்கிளில்: குடாநாட்டு வீதிகளில் எங்கள் பெண்கள்



யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வாழ்க்கையில் சைக்கிளுக்கு உள்ள இடம் பெரியது. பாடசாலைக்கும் ரியூசனுக்கும் தோட்டத்துக்கும் சங்கக்கடைக்கும் எங்களைச் சுமந்து சென்றது அதுதான். 1990 இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, குடாநாட்டின் பிரதான வாகனமே சைக்கிளாக இருந்தது. பற்றறி கிடைக்காத அந்த நாட்களில், சைக்கிளை நிறுத்திச் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள் எங்கள் பெரியவர்கள்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. இரண்டு பானையும் ஒரு பாயும் கட்டிய அம்மாவின் சைக்கிளில், சாமான்களோடு சாமானாக நானும் இருந்தேன். அம்மா ஏறி ஓடவில்லை. அந்த நெரிசலில் ஓட இடமில்லை. நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை உருட்டிக்கொண்டே நடந்தார்.

இத்தனை பழக்கமான சைக்கிளைப் பற்றி இப்போது ஏன் எழுதுகிறேன்?

எமது கிராமத்துப் பெண்கள் குழுவில் ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டேன். "அலுவல் ஒன்றும் இல்லாமல் கடைசியாக எப்போது ஊரைவிட்டு வெளியே போனீர்கள்?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், கடன் கட்டும் இடம், காணாமல் போனவரைத் தேடி விசாரணை. அவர்களின் பயணங்கள் எல்லாம் இவைதான். ஒரு அம்மா மட்டும், "அலுவல் இல்லாமல் ஏன் பிள்ளை போறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சேர்ந்து சைக்கிளில் புறப்படத் தொடங்கினோம். விலை கூடிய வண்டி எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் குடாநாடு சுண்ணக்கல் தரை. ஏற்றமும் இறக்கமும் கிடையாது. எங்களுக்கு மலை என்றால் காற்றுத்தான்.

காற்றை அறிந்து புறப்பட வேண்டும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். போகும்போது எதிர்க்காற்றும், களைத்துத் திரும்பும்போது பின்காற்றும் கிடைக்குமாறு திசையைத் தெரிவு செய்தால் பாதி வேலை முடிந்தது.

சோளக காலத்தில் தீவுப் பக்கம் போகலாம். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்குச் செல்லும்போது இரு புறமும் கடல்நீர். கம்புகள் நட்டுக் கட்டிய வலைகளையும் அவற்றின் மேல் குந்தியிருக்கும் பறவைகளையும் பார்த்துக்கொண்டே உழக்கலாம். உடம்பில் தெம்பு உள்ளவர்கள் புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவான் வரை சென்று, அங்கிருந்து படகில் நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசித்து வரலாம். நிழல் குறைவு. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் போக வேண்டாம்.

வாடைக் காலத்தில் மழை ஓய்ந்த நாளில் பருத்தித்துறை வீதி நல்லது. நல்லூர், கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று வாழைத் தோட்டங்களின் நடுவே போகும் பாதை அது. புத்தூருக்கு அருகே நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றடியில் இளைப்பாறலாம். வல்லைவெளியில் மறைப்பு எதுவும் இல்லாததால் காற்று நெஞ்சில் அடிக்கும். அங்கே ஒருவர் பின் ஒருவராகப் போனால் பின்னால் வருபவருக்குச் சுலபம். முன்னால் போகிறவரை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள். நெல்லியடியில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் புறப்பட்டால் பருத்தித்துறைக் கடற்கரையும் வடையும் தூரமில்லை. நகரிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர். போய்வர ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

காங்கேசன்துறை வீதியில் பஸ்கள் அதிகம். அதிகாலையில் புறப்பட்டால் மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டி மாவிட்டபுரம் ஊடாகக் கீரிமலைக்குப் போய்விடலாம். கேணியில் பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு. வலிகாமம் வடக்கில் நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் இருந்து விடுவிக்கப்பட்ட காணிகளையும், கூரையற்ற வீடுகளையும் போகும் வழியில் காண்பீர்கள். எங்களோடு வந்த சிலர் அங்கே தங்கள் ஊர் எல்லையைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நாலாவது பாதையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அரியாலை, செம்மணி, நாவற்குழி, கைதடி சென்று, கோப்பாய் வழியாக நல்லூருக்குத் திரும்பும் சுற்று. தூரம் குறைவு. ஆனால் எங்கள் குழுவில் ஒரு அக்கா, "தங்கச்சி, செம்மணியால எண்டால் என்னால ஏலாது" என்றார்.

காரணத்தைக் கேட்கத் தேவையில்லை. 1996 செப்டம்பர் 7 அன்று, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பும்போது செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, வன்கொடுமைக்குள்ளாக்கிக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. 1998 இல் அந்த வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவரின் வாக்குமூலமே செம்மணிப் புதைகுழிகளை வெளிப்படுத்தியது. 2025 இல் சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன.

1996 இல் அந்த அக்காவுக்கு 15 வயது. தென்மராட்சியிலிருந்து பட்டணத்துப் பாடசாலைக்கு சைக்கிளில் வந்து போனவர். செய்தி பரவிய கிழமையே தகப்பனார் சைக்கிளை விற்றுவிட்டார். சாதாரணதரத்தோடு படிப்பும் நின்றது. தகப்பனைக் குறை சொல்ல முடியுமா? குற்றம் செய்தவர்கள் வேறு யாரோ. வீதியை இழந்ததோ எங்கள் பெண் பிள்ளைகள். சமூகவியல் படித்தபோது "நடமாட்ட சுதந்திரம்" என்ற சொல்லைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அதன் பொருளை அக்காவிடம்தான் அறிந்தேன்.

பாதையை மாற்றுவோம் என்றோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "இல்லை, நானும் வாறன்" என்றார். செம்மணி வளைவு வந்ததும் இறங்கிவிட்டார். நாங்களும் இறங்கினோம். ஒருவரும் பேசவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தோம். நாவற்குழிப் பாலத்தடியில் அவர்தான் முதலில் ஏறி உழக்கினார்.

கைதடியில் தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "படிப்புப் போனது போனதுதான் தங்கச்சி. ஆனா சைக்கிளையும் ஏன் விட்டனான் எண்டு இண்டைக்குத்தான் யோசிக்கிறன்."

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990 களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓடப் பழகினார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை ஊக்குவித்தார். பெண்களுக்கான வண்டிகள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். முன் பாரில் பிள்ளையை வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்களாம். எங்களிடம் சைக்கிளும் பழக்கமும் ஏற்கனவே உண்டு. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது அதை மீண்டும் உணர்ந்தோம். கடன்பட்டு ஸ்கூட்டர் வாங்கி, தவணைக்கு அஞ்சி ஒளிந்து வாழும் சகோதரிகளைத் தினமும் சந்திப்பவள் என்பதால் இதையும் சொல்கிறேன்: சைக்கிளுக்குத் தவணை இல்லை.

புறப்பட முன் சில விடயங்கள். முதல் நாளே ரயருக்குக் காற்றும் பிறேக்கும் செயினும் பாருங்கள். பம்பும், ரியூப் ஒட்டும் சாமானும் ஒருவரிடமாவது இருக்கட்டும். சேலை, பாவாடை உடுப்பவர்கள் பின்சில்லுக்கு வலை போடுங்கள். விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டு, வெயில் ஏற முன் நிழலுக்கு வந்துவிடுங்கள். போகும் பாதையை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தனியே வேண்டாம், குறைந்தது நான்கு பேராவது சேருங்கள். நீண்ட காலம் ஓடாதவர்கள் முதலில் ஒழுங்கைக்குள் இரண்டு கிழமை பழகுங்கள்.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒரு சைக்கிள் தூசி படிந்து சாய்ந்து நிற்கக்கூடும். இந்த ஞாயிறு அதை வெளியே எடுத்துத் துடையுங்கள். அயல்வீட்டு அக்காவையும் கூப்பிடுங்கள். "என்ன அலுவல்?" என்று அவர் கேட்டால், "ஒரு அலுவலும் இல்லை அக்கா, சும்மா போய்ட்டு வருவம்" என்று சொல்லுங்கள்.